ஓனான் கதையும் கருத்தடை பற்றிய கிறித்தவப் போதனையும்: வாசிப்பு வரலாறு குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

திருமண வாழ்வில் கருத்தடை கூடாது என்னும் கிறித்தவப் போதனைக்குப் பல நூற்றாண்டுகள் வேதச் சான்றாகக் காட்டப்பட்டது தொடக்கநூல் 38ஆம் அதிகாரத்தில் வரும் ஓனான் கதை. இக்கதையின் எபிரேய வாசகம் எதைக் குற்றமாகக் கூறுகிறது, மொழிபெயர்ப்பிலும் உரை மரபிலும் அக்குற்றம் எவ்வாறு மாறியது, 1930ஆம் ஆண்டின் கத்தோலிக்கச் சுற்றுமடலில் சான்றாக நின்ற கதை 1968ஆம் ஆண்டின் சுற்றுமடலில் ஏன் இடம்பெறவில்லை ஆகிய வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. கதை கண்டிப்பது கருத்தடை என்னும் முறையை அன்று. கடமையை ஏற்றதுபோல் காட்டி ஒரு பெண்ணின் உடலைப் பயன்படுத்திக்கொண்டு அவளுக்குரியதை மறுத்த வஞ்சகத்தையே என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: ஓனான், தாமார், கருத்தடை, குடும்பக் கட்டுப்பாடு, லாம்பெத் மாநாடு, ஹுமானே வீத்தே, வாசிப்பு வரலாறு.

முன்னுரை

ஒரு சமயத்தின் ஒழுக்கப் போதனை எந்தப் பனுவலின்மீது நிற்கிறது என்பதும், அப்பனுவல் அப்போதனையைத் தாங்குகிறதா என்பதும் வேறுவேறு வினாக்கள். முதல் வினாவை வரலாறும் இரண்டாம் வினாவைத் திறனாய்வும் எழுப்புகின்றன. கருத்தடை குறித்த கிறித்தவ விவாதங்களில் முதல் வினாவே பெரிதும் பேசப்பட்டுள்ளது. ஜான் நூனன் 1965இல் வெளியிட்ட கருத்தடையின் வரலாறு குறித்த நூல், கத்தோலிக்க இறையியலாளர்களும் திருச்சபைச் சட்ட அறிஞர்களும் இப்பொருளை எவ்வாறு கையாண்டனர் என்பதை விரிவாகத் தொகுத்தது. இக்கட்டுரை இரண்டாம் வினாவை ஒரே ஒரு பனுவலைக் கொண்டு எழுப்புகிறது. யூதாவின் மகன் ஓனான் பற்றிய பகுதி மூன்று வசனங்களே கொண்டது. எனினும் எண்ணற்ற கணவன் மனைவியரின் மனச்சான்றின்மீது அது சுமத்திய பாரம் பெரிது. ஆகவே, அது உண்மையில் என்ன சொல்கிறது எனக் காண்பது இலக்கிய ஆர்வத்தோடு நின்றுவிடும் செயலன்று.

1. கதையின் சூழல்

யாக்கோபின் மகன் யூதா தன் மூத்த மகன் ஏர் என்பவனுக்குத் தாமாரை மணம் முடித்துவைக்கிறான். ஏர் கடவுளின் பார்வையில் தீயவனாக இருந்ததால் இறக்கிறான். அவன் செய்த தீமை யாது என்பதைக் கதை கூறவில்லை. பிள்ளையின்றி இறந்தவனுக்கு வழித்தோன்றல் உண்டாக்குவது அவன் தம்பியின் கடமை. ஆகவே, அண்ணியாகிய தாமாரைச் சேர்ந்து அண்ணனுக்குச் சந்ததி எழுப்புமாறு யூதா இரண்டாம் மகன் ஓனானைப் பணிக்கிறான். பிறக்கும் பிள்ளை தன் பெயரில் நிலைக்காது என அறிந்த ஓனான், அவளிடம் செல்லும்போதெல்லாம் விந்தைத் தரையில் விட்டுவிடுகிறான். இச்செயல் கடவுளின் பார்வையில் தீயதாகப் பட, அவனும் இறக்கிறான்.

கதை இங்கு முடிவதில்லை. மூன்றாம் மகன் சேலாவும் இறந்துவிடுவானோ என அஞ்சிய யூதா, அவன் வளரும்வரை தந்தை வீட்டில் கைம்பெண்ணாக இருக்குமாறு கூறித் தாமாரை அனுப்பிவிடுகிறான். சேலா வளர்ந்த பின்னும் அவள் அழைக்கப்படவில்லை. பின்னர் அவள் முக்காடிட்டு வழியில் அமர்ந்து, தன்னை விலைமகள் எனக் கருதிய யூதாவாலேயே கருவுறுகிறாள். அவளை எரித்துவிடுமாறு தீர்ப்பளித்த யூதா, தன் முத்திரையும் கோலும் அவளிடம் அடையாளமாக இருப்பதைக் கண்டு, தன்னைவிட அவளே நேர்மையானவள் என ஒப்புக்கொள்கிறான். அவளுக்குப் பிறந்த இரட்டையரில் ஒருவனான பாரேஸின் வழியில் தாவீது வருகிறான். மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரம் இயேசுவின் மூதாதையர் வரிசையில் தாமாரின் பெயரைக் குறிப்பிடுகிறது.

இவ்வாறு முழுமையாகக் காணும்போது கதையின் மையம் ஓனான் அல்லன் என்பது தெளிவாகும். ஒரு குடும்பத்தின் ஆண்கள் தனக்குரியதை மறுத்தபோது தாமார் அதனை எவ்வாறு பெற்றாள் என்பதே கதை. ஓனானின் செயல் அம்மறுப்புகளுள் ஒன்று. உரை மரபு இக்கண்ணியை மட்டும் சங்கிலியிலிருந்து பிரித்தெடுத்தது.

2. ஒரு சொல்லின் இடமாற்றம்

எபிரேய மூலத்தில் 8, 9 ஆகிய வசனங்களில் 'ஸெரா' என்னும் சொல் மூன்று முறை வருகிறது. நிலத்தில் இடும் விதை, வழித்தோன்றல் என்னும் இரு பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. அண்ணனுக்கு 'ஸெரா' எழுப்பு என்பது யூதாவின் கட்டளை. அந்த 'ஸெரா' தனதாகாது என்பது ஓனானின் அறிவு. அண்ணனுக்கு 'ஸெரா' கொடாதிருக்க வேண்டும் என்பது அவன் நோக்கம். இம்மூன்று இடங்களிலும் அது வழித்தோன்றலையே குறிக்கிறது. தரையில் விழுந்ததைச் சொல்லும் இடத்திலோ அச்சொல் இல்லை. அங்கு 'கெடுத்தான்', 'பாழாக்கினான்' எனப் பொருள்படும் வினை மட்டுமே செயப்படுபொருளின்றி நிற்கிறது. எழுபதின்மரின் கிரேக்க மொழிபெயர்ப்பு வினையை 'கொட்டினான்' என மாற்றினாலும், வழித்தோன்றலுக்குரிய சொல்லை அதன் இடங்களிலேயே விட்டுவைத்தது.

ஜெரோமின் இலத்தீன் மொழிபெயர்ப்பாகிய வுல்காத்தாவில் நிலைமை மாறுகிறது. 9ஆம் வசனத்தில் வழித்தோன்றலைக் குறித்த இரு இடங்களிலும் 'மக்கள்', 'பிள்ளைகள்' எனப் பொருள்படும் சொற்கள் வருகின்றன. மூலத்தில் செயப்படுபொருள் இல்லாத இடத்தில் 'விதை' என்பதற்குரிய 'ஸேமென்' என்னும் சொல் சேர்க்கப்படுகிறது. அதாவது, அவ்வசனத்தில் அச்சொல் வந்த இடங்களிலிருந்து நீங்கி, வராத இடத்தில் அமர்கிறது. 10ஆம் வசனத்தில் 'கடவுளின் பார்வையில் தீயதாயிற்று' என்னும் மூலத்தின் அளவான கூற்று, 'அருவருக்கத்தக்க செயலைச் செய்தான்' என்னும் கடுமையைப் பெறுகிறது. இலத்தீனை மட்டும் அறிந்த வாசகர் ஒருவருக்குக் கதை சந்ததியைப் பற்றியதாக இருப்பதினும் விந்தைப் பற்றியதாகத் தோன்றுவது இயல்பே.

தமிழ்ப் புரோட்டஸ்தாந்தர் வழிபாட்டில் பயன்படுத்திவரும் பழைய மொழிபெயர்ப்பும் இவ்வகையில் நோக்கத்தக்கது. அது வழித்தோன்றலைச் 'சந்ததி' எனவும் தரையில் விழுந்ததை 'வித்து' எனவும் பிரிக்கிறது. அதே மொழிபெயர்ப்பு தொடக்கநூல் 3ஆம் அதிகாரத்தில் ஏவாளின் வழித்தோன்றலைக் குறிக்க 'வித்து' என்னும் சொல்லையே ஆள்கிறது. மூலத்தின் இருபொருளைத் தாங்கவல்ல சொல் தமிழில் இருந்தும், இவ்விடத்தில் அது உடற்பொருளுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. எனினும், 'கெடுத்தான்' என்னும் வினையை அது காத்துள்ளது. மூலத்தின் 'பாழாக்கினான்' என்பதற்கு நெருங்கிய சொல் அது.

மொழிபெயர்ப்பு ஒன்றே பிற்கால வாசிப்புக்குக் காரணம் எனக் கொள்வது மிகையாகும். கி.பி. 393இல் ஜொவினியானுக்கு எதிராக எழுதிய நூலில் ஜெரோமே, ஓனான் தன் அண்ணனுக்கு வழித்தோன்றல் தர மனமின்றி இறந்தான் எனக் குறிப்பிடுகிறார். கதையின் நோக்கத்தை அவர் அறிந்தே இருந்தார். விதையை வீணாக்குதல் என்னும் வாசிப்பும் கிறித்தவத்துக்கு மட்டும் உரியதன்று; யூத ரபிகளின் தல்மூதிலும் அது உண்டு. ஆயினும், மேற்குலகத் திருச்சபை பல நூற்றாண்டுகள் ஓதிய வாசகம் வுல்காத்தாவே என்பதால் அதன் சொல்தெரிவு பொருட்படுத்தத்தக்கது.

3. அகுஸ்தீன் முதல் கால்வின் வரை

ஓனான் கதையைத் திருமணத்துக்குள் நிகழும் கருத்தடையோடு நேரடியாக இணைத்தவர் அகுஸ்தீன். விபசாரத் திருமணங்கள் குறித்து கி.பி. 419ஐ ஒட்டி எழுதிய நூலில், பிள்ளைப்பேறு தவிர்க்கப்படும்போது தன் மனைவியோடு கொள்ளும் உறவும் முறையற்றதே என்றும், ஓனான் செய்ததும் அதனால் கொல்லப்பட்டதும் இதன்பொருட்டே என்றும் அவர் கூறுகிறார். இக்கூற்றில் அண்ணன் இல்லை, கடமை இல்லை, தாமாரும் இல்லை. ஓனானுக்குத் தாமார் அண்ணி என்னும் உறவு மறைந்து, கணவன் மனைவி என்னும் பொதுநிலை எஞ்சுகிறது.

இங்கு மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. மானிக்கேயரை மறுத்து 388ஐ ஒட்டி எழுதிய நூலில், கருவுறக்கூடிய நாள்களைக் கணித்து அந்நாள்களில் உறவைத் தவிர்க்குமாறு அவர்கள் அறிவுறுத்தியதை அகுஸ்தீன் கண்டிக்கிறார். பிள்ளையைத் தவிர்க்கும் நோக்கமே அவருக்குக் குற்றம். முறை வேறுபாடு அங்குப் பொருளாகவில்லை. பிற்காலக் கத்தோலிக்கப் போதனை ஏற்ற 'இயற்கை முறை'யின் அடிப்படை, அப்போதனை தன் முதன்மைச் சான்றாளராகக் கொண்டவரால் முன்னரே மறுக்கப்பட்டது என்னும் முரண் இங்கு உள்ளது.

சமயச் சீர்திருத்தம் இவ்வாசிப்பைக் குலைக்கவில்லை. லூத்தர் தம் தொடக்கநூல் விரிவுரைகளில் ஓனானின் செயலை விபசாரத்தினும் கொடியதாகக் கருதினார். 1554இல் வெளிவந்த உரையில் கால்வின், அண்ணனின் உரிமையை ஓனான் பறித்ததைச் சுட்டினாலும், பிறக்கவிருந்த மகனைப் பிறக்கும் முன்பே கொன்றதற்கு அது ஒப்பாகும் என்னும் கருத்துக்கே அழுத்தம் தந்தார். மூலமொழிக்குத் திரும்புவோம் என முழங்கிய மரபும் இவ்விடத்தில் பழைய வாசிப்பையே தொடர்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஓனானின் பெயர் மேலும் இடம்பெயர்ந்தது. சுவிட்சர்லாந்து மருத்துவர் தீசோ 1760இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட நூல், அப்பெயரைத் தற்புணர்ச்சிக்குரிய மருத்துவச் சொல்லாகப் பரப்பியது. கதையில் இல்லாத செயலுக்கே அவன் பெயர் வழங்கலாயிற்று.

4. 1930: இரு ஆவணங்கள்

ஆங்கிலிக்க ஆயர்களின் லாம்பெத் மாநாடு 1908இலும் 1920இலும் செயற்கைக் கருத்தடையைக் கண்டித்தது. 1930 மாநாட்டின் 15ஆம் தீர்மானமோ 193க்கு 67 என்னும் வாக்குகளில் அந்நிலையைத் தளர்த்தியது. பிள்ளைப்பேற்றை மட்டுப்படுத்தும் ஒழுக்கக் கடமை தெளிவாக உணரப்படும்போது முழு உறவு விலக்கே முதன்மையான வழி. ஆயினும், அதனைத் தவிர்க்க ஒழுக்கச் சார்பான காரணம் இருக்குமெனில், கிறித்தவ நெறிகளுக்கு உட்பட்டு வேறு முறைகளையும் கைக்கொள்ளலாம் என அது கூறியது. தன்னலம், சொகுசு, வெறும் வசதி ஆகிய நோக்கங்களால் கருத்தடையை நாடுவதை அது வன்மையாகக் கண்டித்தது. 1958 மாநாடு, குடும்பத்தைத் திட்டமிடுதல் பெற்றோரின் மனச்சான்றிடம் கடவுள் ஒப்படைத்த பொறுப்பு என்னும் நிலைக்குச் சென்றது.

1930 டிசம்பர் 31இல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் வெளியிட்ட 'காஸ்தி கொன்னுபீ' என்னும் சுற்றுமடல், மாநாட்டின் பெயரைச் சுட்டாமலே அதற்கு விடையிறுத்தது. கருத்தடை இயற்கைக்கு மாறானது என்னும் வாதத்தை முதலில் வைத்து, அடுத்த பத்தியில் வேதச் சான்றாக ஓனானைக் காட்டியது. அச்சான்றும் அகுஸ்தீனின் கூற்று வழியாகவே தரப்பட்டது. தொடக்கநூலின் மூலமோ அதன் சூழலோ அங்கு ஆராயப்படவில்லை. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழைமையுடைய உரை, பனுவலின் இடத்தைப் பெற்றது.

இவ்விரு ஆவணங்களையும் கதையோடு ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். லாம்பெத் தீர்மானத்தின் வாசகத்தில் ஓனான் இல்லை. எனினும் அது முறையைவிட நோக்கத்தை அளவுகோலாகக் கொண்டது. ஓனானின் செயலை நோக்கத்தோடு சேர்த்தே கதையும் கூறுகிறது. ஓனானைப் பெயர் சுட்டி அழைத்த ஆவணம் அவன் நோக்கத்தை விட்டுவிட்டது. அவனைச் சுட்டாத ஆவணமே நோக்கத்தைக் கேட்டது.

5. 1968: சொல்லாமல் விலகிய சான்று

1951இல் இத்தாலிய மருத்துவச்சியரிடையே ஆற்றிய உரையில் பன்னிரண்டாம் பயஸ், தக்க காரணம் இருப்பின் கருவுறா நாள்களை மட்டும் பயன்படுத்துவதை ஏற்றார். 1960இல் கருத்தடை மாத்திரைக்கு அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. 1963இல் இருபத்து மூன்றாம் யோவான் ஆறு பேருடன் அமைத்த ஆய்வுக் குழு, ஆறாம் பவுலின் காலத்தில் எழுபதுக்கும் மேற்பட்டோரைக் கொண்டதாக விரிந்தது. மணமான தம்பதியரும் அதில் இடம்பெற்றனர். 1966இல் குழுவின் பெரும்பான்மையினர் போதனையை மாற்றப் பரிந்துரைத்தனர். மாற்றினால் 1930இல் தூய ஆவியார் பிற சபைகளின் பக்கம் இருந்ததாக ஒப்புக்கொள்ள நேரும் என்பது சிறுபான்மையினரின் கவலை. விவாதம் பனுவலிலிருந்து அதிகாரத்துக்கு நகர்ந்துவிட்டதை இக்கவலை காட்டுகிறது.

1968 ஜூலை 25 நாளிட்ட 'ஹுமானே வீத்தே' பெரும்பான்மையினரின் பரிந்துரையை ஏற்கவில்லை. கணவன் மனைவி உறவில் அன்பின் ஒன்றிப்பும் உயிர் தரும் தன்மையும் பிரிக்க இயலாதவை என்பது அதன் அடிப்படை. கருத்தடை முறைகளைக் கண்டிக்கும் இடத்தில் அது முந்தைய திருச்சபைப் போதனைகளைச் சுட்டுகிறது, ஓனானைச் சுட்டவில்லை. 1992இன் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் கருத்தடை குறித்த பகுதியில் அவனைச் சுட்டவில்லை.

38 ஆண்டுகளுக்கு முன் வேதத்தின் சாட்சியாக நின்ற கதை, எவ்வித விளக்கமுமின்றி நீங்கியது. சான்று நீங்கினாலும் முடிவு மாறவில்லை. போதனை இயற்கைச் சட்டத்தில் வேரூன்றியது, ஓனான் துணைச்சான்று மட்டுமே என விடையளிக்கலாம். 'காஸ்தி கொன்னுபீ'யின் வாத வரிசை இவ்விடைக்கு இடம் தருகிறது. ஆயினும், கடவுளே மரண தண்டனை அளித்த குற்றம் எனக் கேட்டு வளர்ந்த தலைமுறைகளுக்கு அது துணைச்சான்றாகத் தோன்றியிருக்க இயலாது. அச்சத்தை ஊட்டிய சான்றைத் திரும்பப் பெறும்போது அதனை அறிவிப்பது, அச்சான்றை நம்பி வாழ்ந்தோருக்குச் செலுத்த வேண்டிய கடனாகும்.

6. எதிர்வாதமும் அதன் வலிமையும்

மரபு வாசிப்பை ஆதரிப்போர் வைக்கும் வாதம் ஒன்று எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இணைச்சட்டம் 25ஆம் அதிகாரத்தின்படி, கொழுந்தன் கடமையை மறுப்பவனுக்குரிய தண்டனை அவமானம் மட்டுமே. கைம்பெண் ஊர்ப் பெரியோர்முன் அவன் மிதியடியைக் கழற்றி, அவன் முகத்தில் உமிழ்வாள். யூதாவும் சேலாவைக் கொடாமல் தாமாரின் உரிமையை மறுத்தான், அவன் சாகவில்லை. அவ்வாறெனில் ஓனானின் மரணத்துக்குக் காரணம் கடமை மறுப்பு அன்று, அவன் செய்த உடற்செயலே எனக் கொள்ள வேண்டும் என்பது அவ்வாதம்.

இவ்வாதம் ஓனானின் குற்றம் வெறும் கடமை மறுப்பு அன்று எனச் சரியாகவே காட்டுகிறது. ஆனால், எஞ்சுவது உடற்செயல் மட்டும் எனக் கொள்வது பிழை. வெளிப்படையாக மறுப்பவனுக்கும் ஓனானுக்கும் இடையே வேறுபாடு உள்ளது. மறுப்பவன் பெண்ணைத் தொடுவதில்லை. ஊரறிய அவமானம் ஏற்கிறான். ஓனான் மறுக்கவில்லை. கடமையை ஏற்றவனாகத் தோன்றி, தாமாரிடம் சென்று, அவள் உடலைத் துய்த்து, அதன் பயனை மட்டும் மறுத்தான். எபிரேய வினையமைப்பு இது ஒருமுறை நிகழ்ந்த செயலன்று, அவன் செல்லும்போதெல்லாம் நிகழ்ந்தது எனக் காட்டுகிறது. யூதாவும் மறுத்தான், ஆனால் மறுத்துக்கொண்டே அவளை அனுபவிக்கவில்லை.

சட்டநூல்களும் இதற்கு அரண் செய்கின்றன. லேவியர் 15ஆம் அதிகாரம் விந்து வெளிப்படுதலை மாலைவரை நீடிக்கும் தீட்டாகவே கருதுகிறது, நீராடினால் போதும். 20ஆம் அதிகாரம் முறையற்ற உறவுகளுக்கு மரண தண்டனையை வரிசையாகக் கூறினும், விந்தைப் புறத்தே விடுதல் அவ்வரிசையில் இல்லை. உடற்செயலே கொலைத்தண்டனைக்குரியதெனில் இம்மௌனத்தை விளக்க இயலாது.

மேலும், மரபு வாசிப்பு தனக்குள்ளேயே ஓர் இடர்ப்பாட்டைத் தாங்கி நிற்கிறது. பிள்ளையைத் தவிர்க்கும் நோக்கமே ஓனானின் குற்றமெனில், நாள் கணித்து விலகியிருப்பதும் அக்குற்றத்தில் பங்குபெறும். அகுஸ்தீனின் நிலை அதுவே. முறையே குற்றமெனில், கதை வெளிப்படையாகக் கூறும் நோக்கத்துக்குப் பொருளில்லை. 'ஹுமானே வீத்தே' நோக்கத்தையும் செயலின் அமைப்பையும் வேறுபடுத்தி இவ்விடரைக் கடக்க முயல்கிறது: நோக்கம் ஒன்றாக இருப்பினும், ஒருவர் இயற்கை தந்ததைப் பயன்படுத்துகிறார், மற்றவர் இயற்கையைத் தடுக்கிறார் என்கிறது. இது விவாதிக்கத்தக்க மெய்யியல் நிலைப்பாடு. ஆனால் ஓனான் கதையிலிருந்து அது பெறப்பட்டதன்று.

7. தாமார் இருக்கும் இடம்

கதை கருத்தடையைப் பற்றி ஏதும் கூறவில்லை எனில், திருமண ஒழுக்கத்துக்கு அதில் இடமே இல்லையா? உண்டு, ஆனால் வேறிடத்தில். 'ஹுமானே வீத்தே' 13ஆம் பத்தி, துணைவரின் நிலையையும் நியாயமான விருப்பத்தையும் கருதாமல் அவர்மீது திணிக்கப்படும் உறவு உண்மையான அன்புச் செயலன்று எனக் கூறுகிறது. 17ஆம் பத்தி, ஆண் பெண்ணைத் தன் இன்பத்துக்குக் கருவியாக்கிவிடும் இடரை எச்சரிக்கிறது. ஓனானை அம்மடல் அழைத்திருக்க வேண்டுமெனில் இவ்விடங்களிலேயே அழைத்திருக்க வேண்டும். ஒரு பெண்ணைக் கருவியாக்கியவனைக் காட்ட அவனைவிடப் பொருத்தமான சான்று தொடக்கநூலில் அரிது.

கைம்பெண்ணான தாமாருக்குப் பிள்ளை என்பது உணர்வுசார்ந்த விருப்பம் மட்டுமன்று. அக்குடும்பத்தில் அவளுக்குரிய இடமும் வாழ்வுக்கான காப்பும் அதுவே. ஓனான் பாழாக்கியது அதனை. அவளுக்குப் பிள்ளை வேண்டும். அதனை மறுத்தவன் அவள் விருப்பத்தைக் கேட்கவில்லை. பிள்ளை வேண்டாத ஒரு பெண்மீது பிள்ளைப்பேற்றைச் சுமத்துபவனும் இதே வகையில்தான் தவறுகிறான். இருவரும் முடிவு தமக்கே உரியது எனக் கொள்கின்றனர். எனவே, கதையின் அளவுகோலைக் கொண்டு பார்த்தால், இருவரும் கலந்து பேசி, பொறுப்புணர்ந்து பிள்ளைப்பேற்றைத் தள்ளிவைக்கும் தம்பதியர் ஓனானின் வரிசையில் நிற்பதில்லை. துணையின் உடல்நலத்தையோ விருப்பத்தையோ பொருட்படுத்தாதவன், கருத்தடை செய்தாலும் செய்யாவிட்டாலும், அவ்வரிசைக்கு அண்மையில் நிற்கிறான்.

முடிவுரை

ஓனான் கதை சந்ததி, கடமை, வஞ்சகம் ஆகியவற்றைப் பற்றியது. 'ஸெரா' என்னும் சொல்லின் இடமாற்றமும் அகுஸ்தீனின் பொதுமைப்படுத்தலும் அதனை விந்து பற்றிய சட்டமாக்கின. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இவ்வாசிப்பைப் பல நூற்றாண்டுகள் பகிர்ந்துகொண்டனர். 1930இல் அது திருச்சபையின் உயர் ஆவணத்தில் வேதச் சான்றாயிற்று. 1968இல் ஓசையின்றி நீங்கியது. கருத்தடை குறித்த கத்தோலிக்கப் போதனை சரியா, தவறா என்பதை இவ்வாய்வு தீர்மானிக்க இயலாது. அது இயற்கை, மனச்சான்று, அதிகாரம் பற்றிய வேறு வாதங்களைச் சார்ந்தது. ஆனால், அவ்வாதங்கள் தம் சொந்த வலிமையில் நிற்க வேண்டியவை. தொடக்கநூலின் மரண தண்டனை அவற்றுக்குத் துணை வராது. அகுஸ்தீனின் கூற்றில் விடுபட்டவள் தாமார். அவளை நீக்கிவிட்டு வாசித்தபோது கதை அச்சுறுத்தும் சட்டமாயிற்று. அவளோடு சேர்த்து வாசிக்கும்போது, திருமணத்தில் ஒருவர் உடல்மீதும் எதிர்காலத்தின்மீதும் மற்றவருக்குள்ள பொறுப்பை அது கேட்கிறது.